வேக்போர்டிங்குக்குப் பழைய படகு வாங்குதல்: டெக்சஸ் ஏரிக்கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஆஸ்டின் நகருக்கு மேற்கே, கொலராடோ ஆற்றை மேன்ஸ்ஃபீல்டு அணை மறித்து உண்டாக்கிய டிராவிஸ் ஏரியில், கோடைக்காலத்துச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே படகுகள் இறங்கத் தொடங்கிவிடும். காற்று எழுவதற்கு முன், தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் வேக்போர்டிங்குக்கு ஏற்ற நேரம். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, 65 முதல் 75 அடி வரை நீளமுள்ள கயிற்றின் கைப்பிடியைப் பற்றி, மணிக்கு 18 முதல் 24 மைல் வேகத்தில் போகும் படகின் பின்னால் சறுக்கும் விளையாட்டு இது. படகு தண்ணீரைக் கிழித்துப் போகும்போது பின்னால் விரியும் அலைக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் வேக். அந்த அலையின் விளிம்பில் ஏறித்தான் சறுக்குபவர் காற்றில் எழும்புகிறார்.

ஒன்றிரண்டு கோடைகள் வாடகைப் படகில் பழகிய குடும்பங்களுக்குச் சொந்தப் படகு வாங்கும் ஆசை வருவது இயல்பு. இந்த விளையாட்டுக்கென்றே கட்டப்படும் புதிய படகின் விலை இன்று எளிதில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடுவதால், பெரும்பாலோர் பத்து முதல் இருபது ஆண்டு பழைய படகைத்தான் தேடுகிறார்கள். என் படகை வாங்குவதற்கு முன் நான் பதினொரு படகுகளைப் பார்த்தேன். முதல் நான்கைந்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், ஒலிபெருக்கியின் தரத்தையும் இருக்கையின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து தொடங்குங்கள்

படகைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். 21 அடி நீளமுள்ள வேக்போர்டு படகின் வெற்று எடை ஏறத்தாழ 3,500 முதல் 4,000 பவுண்டு இருக்கும். டிரெய்லர், பெட்ரோல், பலகைகள், நங்கூரம் எல்லாம் சேரும்போது 5,000 பவுண்டைத் தாண்டி 6,000-ஐ நெருங்கிவிடும். நம்மவர் வீடுகளில் அதிகம் காணப்படும் டொயோட்டா சியென்னா போன்ற மினிவேன்களின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு மட்டுமே. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு டல்லாஸ் வரை போகும் வண்டி, படகை இழுத்துக்கொண்டு, ஏரியில் படகு இறக்கும் சறுக்குமேடையின் ஈரச்சரிவில் ஏற முடியாமல் நின்றுவிடும். ஆகவே படகுக்கான தொகையோடு பிக்கப் டிரக்குக்கான தொகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் படகை மரீனா எனப்படும் கரையோரப் படகு நிறுத்தத்திலேயே மாத வாடகைக்கு நிறுத்த வேண்டியிருக்கும்.

எந்த வகை இயக்கம்

விளம்பரங்களில் எல்லாமே வேக்போர்டு படகு என்றுதான் போட்டிருக்கும். என்ஜின் எங்கே இருக்கிறது, புரொப்பெல்லர் எங்கே சுழல்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

டைரக்ட் டிரைவ் எனப்படும் பழைய அமைப்பில் என்ஜின் படகின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். எடை நடுவில் இருப்பதால் பின்னால் எழும் அலை தாழ்வாக இருக்கும். நீர்ச்சறுக்கு விளையாடுபவர்கள் விரும்புவது அதைத்தான். வி-டிரைவில் என்ஜினைப் பின்கோடியில் திருப்பி வைத்திருப்பார்கள். அதன் சக்தி முதலில் முன்னோக்கிப் போய், ஒரு பல்சக்கரப் பெட்டியில் வி வடிவில் மடங்கி, படகின் அடியில் உள்ள புரொப்பெல்லருக்கு வருகிறது. பின்புறம் கனப்பதால் அலை உயர்கிறது. நடுவில் உட்கார இடமும் கிடைக்கிறது. மாஸ்டர்கிராஃப்ட், நாட்டீக், மாலிபு, சூப்ரா, மூம்பா, டெக்சஸின் அபிலீனில் தயாராகும் டீஜே ஆகிய பெயர்களில் நீங்கள் பார்க்கப்போகும் வேக்போர்டு படகுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மூன்றாவது வகை ஸ்டெர்ன் டிரைவ். இதில் என்ஜின் உள்ளேயும், புரொப்பெல்லரைத் தாங்கிய கால் படகின் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும். விலை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு, ஏரியைச் சுற்றிவர வசதி என்பதால் குடும்பப் படகுகளில் இது பரவலானது. 70 அடி தள்ளி வேக்போர்டில் போகிறவருக்கு இதனால் தனி ஆபத்து இல்லை. ஆனால் கயிற்றை விட்டுவிட்டுப் படகின் பின்னால் பத்தடிக்குள்ளேயே அலைமேல் சறுக்கும் வேக்சர்ஃபிங்கை, புரொப்பெல்லர் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் படகில் ஒருபோதும் செய்யக்கூடாது. "இன்று வேண்டாம், ஆனால் பிள்ளைகள் நாளைக்கு சர்ஃபிங் கேட்பார்கள்" என்று தோன்றினால் வி-டிரைவையே தேடுங்கள்.

ஸ்டெர்ன் டிரைவையே வாங்குவதென்றால், வெளிக்காலையும் பின்சுவரையும் இணைக்கும் ரப்பர் துருத்திகளை வளைத்துப் பாருங்கள். மடிப்புகளில் வெடிப்பு விட்டிருந்தால் அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே வந்து, நிறுத்திவைத்த படகே மூழ்கக்கூடும். வெளிக்காலின் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

புதிதாக வருபவர்கள் பெரிய அலைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது சிறிய அலை, குறைந்த வேகம், ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டாமல் கிளம்பும் என்ஜின் ஆகியவைதான். அலை போதவில்லை என்ற நாள் வரும்போது, தண்ணீர்ப் பைகளை வைத்து எடை ஏற்றிக்கொள்ளலாம். உளுத்துப்போன அடிச்சட்டத்தை அப்படி எளிதாகச் சரிசெய்ய முடியாது.

ஆண்டைக் கண்டறிதல்

அமெரிக்காவில் தயாராகும் படகின் பின்சுவரில், வலப்பக்க மேல்மூலையில், 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் குறிக்கும். கடைசி நான்கில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, குறி எச்405 என்று முடிந்தால், எச் என்பது எட்டாம் எழுத்து ஆகையால் ஆகஸ்டு மாதம், 4 என்பது 2004, 05 என்பது 2005-ஆம் ஆண்டின் மாடல். விளம்பரத்தில் 2007 என்று போட்டிருந்த படகின் பின்சுவரைக் கைத்துணியால் துடைத்தபோது 04 என்று தெரிந்த அனுபவம் எனக்கு உண்டு. விற்பவர் அதைத் தட்டச்சுப் பிழை என்றார். நானும் மறுக்காமல் விடைபெற்றேன்.

மணிக்கணக்கைக் காட்டும் மானியை மட்டும் நம்ப வேண்டாம். பொழுதுபோக்குக்கு ஓட்டப்படும் படகு ஆண்டுக்கு 50 முதல் 100 மணி நேரம் ஓடுவது வழக்கம். இருபது ஆண்டுப் படகு 150 மணி நேரமே ஓடியிருக்கிறது என்று சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஒன்று மானி மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது படகு ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து ரப்பரும் சீல்களும் காய்ந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றிய ரசீதுகளோடு வரும் 700 மணி நேரப் படகையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கரையில் பார்க்க வேண்டியவை

முதலில் தரையையும் அடிச்சட்டங்களையும் பாருங்கள். கண்ணாடியிழைப் படகின் அடியில் முன்னிருந்து பின்னாக நீளும் சட்டங்களுக்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர். என்ஜின் உட்கார்ந்திருப்பதும், படகு அலையில் மோதும்போது வளையாமல் நிற்பதும் இவற்றால்தான். 1990-களின் தொடக்கம் வரை பல தயாரிப்பாளர்கள் இவற்றை மரத்தால் செய்து, மேலே கண்ணாடியிழை பூசினார்கள். ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனாலும் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல, திருப்புளியின் கைப்பிடியால் அந்தச் சட்டத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக்கென்று கூர்மையாகக் கேட்கும். உளுத்த இடத்தில் ஈரத் தலையணையைத் தட்டியது போல் தொப்பென்று அடங்கும். என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் முறுக்கமுறுக்கப் பிடிக்காமல் சுழன்றாலும், தரையில் நடக்கும்போது குதிகால் சற்றே அமிழ்ந்தாலும், அந்தப் படகை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். புதிய எஞ்சினைக் காட்டிலும் சட்டங்களை மாற்றும் கூலி அதிகமாகிவிடக்கூடும்.

அடுத்தது என்ஜின். படகைப் பார்க்க வரும் நேரத்தைச் சொல்லும்போதே, நீங்கள் வந்த பிறகுதான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஆறாவது படகின் என்ஜின் மூடியைத் திறந்து, புகை வெளியேறும் மேனிஃபோல்டின்மேல் கை வைத்தபோது, காலை எட்டு மணிக்கே அது தோசைக்கல் சூட்டில் இருந்தது. குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஆறவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியபோது விளங்கியது.

எண்ணெய்க் குச்சியை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். காப்பியில் பால் கலந்தது போல் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் புகுந்திருக்கிறது. இதற்கு டெக்சஸில் ஒரு தனிக் காரணமும் உண்டு. இந்தப் படகுகளில் மிகுதியாகக் காணப்படும் 5.7 லிட்டர் வி8 என்ஜின்களில் பல, ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துத் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீரை வடிக்காமல் விட்டால், உறையும்போது அது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். குளிர் அதிகமுள்ள மாநிலங்களில் இலையுதிர்காலத்திலேயே தண்ணீரை வடிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே பலர் அந்தச் செலவு எதற்கு என்று விட்டிருந்தபோதுதான் 2021 பிப்ரவரி நடுவில், வீடுகளின் குழாய்களெல்லாம் வெடித்த அந்தக் கடுங்குளிர் வந்தது. ஆகவே அதற்கு முன் தயாரான படகென்றால், "அந்த வாரம் இது எங்கே நின்றது, தண்ணீர் வடிக்கப்பட்டிருந்ததா?" என்று நேராகக் கேளுங்கள். என்ஜினின் இரு பக்கங்களிலும் டார்ச் அடித்து, மயிரிழை போன்ற வெடிப்போ, துருக் கோடோ, ஒரு திட்டு மட்டும் புதிதாகத் தெரியும் வண்ணப்பூச்சோ உள்ளதா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் படகு மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, எட்டும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் நெருங்கியிருக்கின்றனவா என்பதே முக்கியம்.

படகின் அடியில் குனிந்து புரொப்பெல்லரின் இதழ்களை விரலால் தடவுங்கள். வறட்சி ஆண்டுகளில் டிராவிஸ் ஏரியின் மட்டம், நிறைமட்டமான (கடல்மட்டத்துக்கு மேல்) 681 அடியிலிருந்து பல பத்தடிகள் இறங்கிவிடுவதால், சுண்ணாம்புப் பாறைகளில் தட்டிய படகுகள் இங்கே நிறைய. இதழில் சிறு பல் விழுந்திருந்தால் பாதகமில்லை, மாற்றிக்கொள்ளலாம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தாங்கியில் லொடலொடவென்று ஆடினாலோ, தண்டே வளைந்திருந்தாலோ, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும்.

டிரெய்லரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும், கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன்கள் புதிதாகத் தெரிந்தாலும் ஏழெட்டு ஆண்டைக் கடந்த டயர்கள் டெக்சஸ் வெயிலில் நெடுஞ்சாலையிலேயே உரிந்துவிடும்.

கோபுரமும் தண்ணீர்ப் பைகளும்

கயிறு கட்டும் உலோகக் கோபுரம் படகோடு வந்ததா, பிறகு பொருத்தப்பட்டதா என்று கேளுங்கள். பிறகு பொருத்தியதென்றால் அடிப்பாகத்தைச் சுற்றிக் கண்ணாடியிழையில் சிலந்திவலை போன்ற விரிசல்கள் இருக்கக்கூடும். உள்பக்கம் கைவிட்டு, போல்ட்டுக்குப் பின்னால் தகடு வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். காற்றடைத்த டியூபை இந்தக் கோபுரத்தில் கட்டி இழுக்கக்கூடாது என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். முந்தைய உரிமையாளரின் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்ததா என்பது விரிசலைப் பார்த்தால் புரியும்.

அலையை உயர்த்த நிரப்பும் தண்ணீருக்குப் பாலஸ்ட் என்று பெயர். ஒரு கேலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு, 90 கேலன் பை ஒன்று நிரம்பினால் 750 பவுண்டு, அதாவது நான்கைந்து ஆட்களின் எடை. படகின் சுமைத்தகட்டில் குறித்துள்ள அளவில் இந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டு நிரப்பி வடித்துப் பாருங்கள்.

இந்தப் பைகளும் தொட்டிகளும் முழுவதுமாக வடிவதே இல்லை. 2009-இல் டெக்சஸின் வடக்கு எல்லையில் உள்ள டெக்சோமா ஏரியில் முதலில் தென்பட்ட வரிக்குதிரைச் சிப்பிகள் 2017-இல் டிராவிஸுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் குஞ்சுகள் இப்படித் தங்கிய தண்ணீரில்தான் ஏரிவிட்டு ஏரி பயணம் செய்கின்றன. ஏரியிலிருந்து கிளம்பும்போது படகின் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தண்ணீரில் ஆண்டுக்கணக்காக நின்ற படகென்றால், நீர் உறிஞ்சும் துளையிலும் வடிகட்டியிலும் விரல்நகம் அளவுச் சிப்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

தண்ணீரில் ஒரு மணி நேரம்

தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் படகு வாங்க வேண்டாம். முன்பணம் கேட்டால், ஓட்டத்தில் திருப்தி இல்லையென்றால் திரும்பத் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

கிளப்புவதற்கு முன் என்ஜின் அறையின் காற்றோட்டி நான்கு நிமிடமாவது ஓட வேண்டும். தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறுவதற்கான ஏற்பாடு அது. விற்பவர் இதைச் செய்கிறாரா என்பதிலிருந்தே அவர் படகை எப்படி வைத்திருந்தார் என்று ஊகிக்கலாம். கிளம்பியதும் எண்ணெய் அழுத்தமானியைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வெப்பமானி ஏறி ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஏறிக்கொண்டே போனால், தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது அதைவிடப் பெரிய கோளாறு இருக்கலாம். பிறகு முழு வேகத்துக்குக் கொண்டுபோய், என்ஜின் கையேட்டில் சொன்ன சுழற்சி எண்ணிக்கையை எட்டுகிறதா, இருக்கையில் அதிர்வு தெரிகிறதா என்று கவனியுங்கள். சுக்கான் இரு பக்கமும் ஒரே இலகுவோடு திரும்ப வேண்டும்.

டைரக்ட் டிரைவ், வி-டிரைவ் ஆகிய இன்போர்டு படகுகள் பின்னோக்கிப் போகும்போது ஒரு பக்கமாக இழுக்கும். அது பழுதன்று, புரொப்பெல்லர் சுழலும் திசையின் விளைவு. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டால் படகுத்துறையில் மானம் போகாது.

பின்பு வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை 20 மைலுக்கு வைத்து, உங்களில் ஒருவர் பலகையோடு தண்ணீரில் இறங்குங்கள். விற்பவர் மட்டும் அமர்ந்த படகின் அலையும், உங்கள் குடும்பம் ஐந்து பேர் அமர்ந்த படகின் அலையும் ஒன்றல்ல. எனவே குடும்பத்தோடு போவதே நல்லது. அலை இரு பக்கமும் ஒரே உயரத்தில், நுரை குறைவாக இருந்தால் போதும். ஓட்டுநரின் உடலில் மாட்டும் அவசர நிறுத்தக் கயிற்றை ஒருமுறை இழுத்து, என்ஜின் உடனே நிற்கிறதா என்றும் பாருங்கள். 26 அடிக்குக் குறைவான படகுகளில் அதைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டரசு விதி. என்ஜின் ஓடும்போது பின்பக்க நீச்சல் பலகையில் யாரையும் உட்கார விடாதீர்கள். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்குகிறது.

கரைக்குத் திரும்பியதும் என்ஜின் மூடியை மறுபடி திறந்து, அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். புரொப்பெல்லர் தண்டு படகுக்கு வெளியே போகும் துளையில் உள்ள பழைய முறை அடைப்பில், ஓடும்போது சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் வருவது வழக்கம். ஓடையாக வருவது வழக்கமில்லை.

பத்திரங்கள்

டெக்சஸில் படகின் பதிவும் உரிமைப் பத்திரமும் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் உள்ளன. டிரெய்லருக்கான பத்திரம் தனி, அது மாவட்ட வரி அலுவலகம் வழியாக வரும். பத்திரத்தில் உள்ள 12 இலக்கக் குறியும் பின்சுவரில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; வங்கிக் கடன் நிலுவை இருந்தால் அது தீர்ந்த சான்று கையில் வரும்வரை பணம் தரக்கூடாது. விலையின்மேல் 6.25 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்ட, படகோட்டும் பாதுகாப்புப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது.

பணம் கைமாறிய வாரத்திலேயே இம்பெல்லரையும் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். பழையவர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். ஒரு உபரி இம்பெல்லர் படகிலேயே இருக்கட்டும். கடைசியாக, படகின் பின்னடியில் தண்ணீர் வடிக்கும் துளைக்கான சிறு பித்தளை அடைப்பான். சட்டப்படி ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், அடுத்த முறை மாட்ட மறந்து படகை இறக்கிவிட்டு, கால் நனைந்த பிறகு அலறுபவர்களை ஒவ்வொரு கோடையிலும் சறுக்குமேடையில் பார்க்கிறேன். நான் அதைப் படகுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். அடைப்பானை மாட்டுவதற்காகக் கழற்றினால் ஒழிய, சாவியைத் துளையில் நுழைக்க அந்த வளையம் இடம் தராது.